அலமாரிக்குள் வைக்கக் கூடாத பிள்ளை

டென்மார்க்கில் சோசு என்கிற சமூக, சுகாதாரப் பணிப் படிப்பை முடித்துவிட்டு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, ஆளைத் தூக்கும் விதத்தையோ மருந்துப் பெட்டி நிரப்பும் விதத்தையோ நான் சொல்லித்தரத் தேவையில்லை. அதையெல்லாம் என்னைவிடத் திறமாகப் படித்துக்கொண்டு வந்திருப்பீர்கள். என் முதுகு போனதற்கு நான் ஆட்களைத் தூக்கிய விதமே காரணம் என்று பிசியோதெரபிக்காரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். ஆகவே அந்தப் பக்கம் நான் வரவில்லை.

நான் சொல்ல வருவது படிப்பில் இல்லாத ஒன்று. ஒரு அறையில் மூன்று பேர் மூன்று விதமாக உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சட்டம் ஒன்றைச் சொல்லும், சொந்தக்காரர் இன்னொன்றைச் சொல்வார்கள், கட்டிலில் இருக்கிறவருக்குச் சொல்லவே வாய் வராது. யோசிக்க நேரம் இருக்காது. அந்த நேரத்தில் நீங்கள் செய்கிறதுதான் வேலை. மற்றதெல்லாம் கூலிக்குச் செய்கிற கைப்பழக்கம்.

எனக்கு முதன்முதலில் வேலை பழக்கிய டேனிஷ்காரி ஒருத்தி இருந்தாள். சிகரெட்டும் இருமலுமாகத் திரிவாள். அறைக்குள் போனால் ஆளின் முகத்தைப் பார்க்க முதல் கையைப் பார் என்பாள். கை எதைத் தேடுகிறது என்று பார்த்தால் அரைவாசி வேலை முடிந்தது என்பாள். அவள் சொன்னதை நான் மறந்துபோன ஒரு சந்தர்ப்பத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் பேசியவர்கள் டேனிஷிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் பேசினார்கள். எனக்கு அது எங்கள் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது, அப்படியே தருகிறேன்.

கோல்டிங்கில் நான் கடைசியாக வேலை செய்த இல்லத்துக்கு ஒரு மாரிகாலத்தில் இயா வந்து சேர்ந்தார். இயா என்றால் யொருபா மொழியில் அம்மா. நைஜீரியாவிலிருந்து மகனிடம் வந்து பக்கத்து ஊரான பிரெடெரிசியாவில் பல வருடம் இருந்தவர். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, மறதி நோயும் முற்றிவிட்டதால் எங்களிடம் அனுப்பினார்கள். அவருடைய முழுப் பெயர் டேனிஷ்காரர் வாயில் நொறுங்குவதைக் கேட்கச் சகிக்காமல் அவரே கையை வீசி, “இயா, இயா எண்டு கூப்பிடுங்கோ, காணும்” என்றுவிட்டார். அதன்பிறகு எல்லோருக்கும் அவர் இயாதான்.

மகன் பெயர் கெஹிண்டே. லொறி ஓட்டுகிறவர், ஐம்பதை நெருங்கிய ஆள், கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். இரண்டு பைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தாயின் நெற்றியில் கையை வைத்து ஏதோ செபம் சொல்லிவிட்டு, வெளியே லொறி நிற்கிறது என்று போய்விட்டார்.

சாமான்களை எடுத்து வைத்தது நானும் சுகந்தியும். சுகந்தி பிராண்டேயிலிருந்து காரில் வருகிற பிள்ளை, வேலையில் கெட்டிக்காரி, வாயிலும் கெட்டிக்காரி. பையின் அடியில் துவாயில் சுற்றி ஒன்று இருந்தது. அவிழ்த்தாள். மரத்தில் செதுக்கிய ஒரு உருவம். ஒரு சாணுக்குச் சற்றுக் கூட உயரம். பெரிய தலை, கூர்ப்பாக மேலே எழும்பிய கொண்டை, அதில் நீலச் சாயம். இடுப்பில் மணிகள். கைகள் இரண்டும் பக்கவாட்டில் நேராக. முகத்தில் மூக்கும் வாயும் தேய்ந்து மழுங்கிப்போயிருந்தன. மேலெல்லாம் எண்ணெய் ஊறியிருந்தது. கழுத்திலும் கன்னத்திலும் சிவப்புத் தூள்.

நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எண்ணெய்க்காப்பு, குங்குமம், தேய்ந்த முகம். எங்களுக்கு வேறு என்ன தோன்றும்?

“அக்கா, சாமி” என்றாள் சுகந்தி, உருவத்தைத் துவாயோடு கட்டிலில் வைத்துவிட்டு இரண்டு கையையும் பின்னால் இழுத்துக்கொண்டு. “நீங்களே தூக்குங்கோ. நான் இப்பத்தான் ஈரல் பூசின பாண் சாப்பிட்டனான்.”

நான் கையைக் கழுவிவிட்டுத் தூக்கினேன். அலமாரியின் மேல்தட்டை ஈரத் துணியால் துடைத்து, சிவப்புத் துணி ஒன்று விரித்து, கிழக்குப் பார்க்க வைத்தோம். மெழுகுதிரி கொளுத்த இல்லத்தில் அனுமதி இல்லை. சுகந்தி எங்கிருந்தோ பற்றரியில் எரிகிற திரி ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காலும் கையும் படாத உயரத்தில் சாமியை வைத்துவிட்டோம் என்று எங்களுக்குப் பெரிய திருப்தி. டேனிஷ்காரர் என்றால் பூச்சாடிக்குப் பக்கத்தில் தூசி பிடிக்க வைத்திருப்பார்கள், நல்லகாலம் நாங்கள் நின்றோம் என்று வேறு பேசிக்கொண்டோம்.

அன்று பின்னேரமே இயா சாப்பிட மறுத்தார். அடுத்த நாள் கஞ்சிக் கோப்பையைத் தட்டிவிட்டார். அதற்கடுத்த நாள் கட்டிலை விட்டு இறங்க முயன்று விழப் பார்த்தார். முறிந்த இடுப்போடு எழும்பி எங்கே போகப் பார்க்கிறார் என்று யாருக்கும் விளங்கவில்லை. யொருபாவில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தினார். நாங்கள் சாமியைப் பார்த்துக் கும்பிடச் சொல்லித் திரியை ஏற்றிக் காட்டினோம். கத்தல் கூடியது.

எங்கள் பொறுப்பாளர் கிர்ஸ்டன் நல்ல மனுசி, ஆனால் சத்தம் தாங்கமாட்டாள். “டொக்டரைக் கேட்டு அமைதிப்படுத்திற மருந்து குடுப்பம், அவவுக்கும் கஷ்டம், மற்ற ஆக்களுக்கும் கஷ்டம்” என்றாள். மருந்து கொடுத்தால் இயா நாள் முழுக்க நித்திரையாகக் கிடப்பார், கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், பிறகு நடக்கிறது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் பொறு என்று கேட்டேன். மகனுக்குப் போன் எடுத்தேன்.

“உங்கடை அம்மான்ரை சாமிக்கு என்ன மாதிரிப் பூசை செய்யிறது? எங்களுக்குத் தெரியேல்லை, பிழையாச் செய்துபோட்டம் போலை” என்று கேட்டேன்.

“என்ன சாமி?”

உருவத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் லொறி இரைந்துகொண்டிருந்தது. ஓரமாக நிறுத்தியிருக்க வேண்டும், இரைச்சல் நின்றது.

“அதை ஊருக்கு அனுப்பிப்போட்டன் எண்டு எனக்குச் சொன்னவ” என்றார் கெஹிண்டே. “அது சாமி இல்லை. அது என்ரை தம்பி.”

பிறகு அவசரமாகச் சொன்னார். “எடுத்து எறிஞ்சுவிடுங்கோ. பிசாசின்ரை வேலை அது. நான் இரட்சிக்கப்பட்ட ஆள். மரக்கட்டைக்கு முன்னாலை முழங்காலிலை நிக்கமாட்டன்.”

போனை வைத்துவிட்டு நேரே அறைக்குப் போனேன். அப்போதுதான் இயாவின் கையைப் பார்த்தேன். மடியில் ஒரு இடம் விட்டு, இரண்டு கையும் அதைச் சுற்றி வளைந்து வெறுமனே கிடந்தன. வந்த நாளிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கும். நாங்கள் மேல்தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம். ஒரு தாயின் பிள்ளையைத் தூக்கி, அவருக்கு எட்டாத உயரத்தில் வைத்து, லைட்டும் போட்டுவிட்டிருக்கிறோம்.

இறக்கி மடியில் கொடுத்தேன். இயா என்னைப் பார்க்கவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை. உருவத்தின் முகத்தைத் தன் கன்னத்தோடு வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கஞ்சிக்குக் கை நீட்டினார். முதல் கரண்டியை அதன் வாயில் தொட்டுவிட்டு, துடைத்து, தான் சாப்பிட்டார்.

நல்ல தெளிவோடு இருந்த ஒரு காலையில் அவரே எனக்கு விளக்கினார். யொருபா ஆட்களுக்கு இரட்டைப் பிள்ளைகள் கூடுதலாகப் பிறக்குமாம். இரண்டு பேருக்கும் ஒரே உயிர்தானாம். ஒருவர் செத்தால் பூசாரியிடம் கேட்டு, சிற்பியிடம் சொல்லி, செத்த பிள்ளைக்கு ஒரு உருவம் செய்விப்பார்கள். குழந்தையாகச் செத்தாலும் வளர்ந்த ஆளாகத்தான் செதுக்குவார்களாம். அதைக் குளிப்பாட்டி, எண்ணெய் பூசி, சிவப்பு மரத்தூள் தடவி, உடுப்பாட்டி, மற்றப் பிள்ளைக்குக் கொடுக்கிறதில் பங்கு கொடுக்க வேண்டும். பகலில் நிமிர்த்தி வைக்க வேண்டும், நித்திரை நேரத்தில் படுக்க வைக்க வேண்டும்.

“முதல்லை வந்தவன் தாய்வோ. பின்னாலை வந்தவன் கெஹிண்டே. பின்னாலை வந்தவன்தான் மூத்தவன்” என்றார்.

“அதெப்பிடி இயா?”

“மூத்தவன்தான் இளையவனை அனுப்பிறது. போய் உலகம் எப்பிடியிருக்கெண்டு பாத்துச் சொல்லு எண்டு. தாய்வோ வந்து பாத்தான். அவனுக்குப் பிடிக்கேல்லை. போயிட்டான்.”

சொல்லிவிட்டு உருவத்தின் முதுகைத் தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அவனுக்குப் பசி வரக்கூடாது. பசிச்சால் மற்றவனைக் கூப்பிடுவான்” என்றார்.

இதை நன்றாகக் கவனியுங்கள். இயா அந்த மரத்தைப் பராமரித்தது செத்த பிள்ளைக்காக மட்டும் இல்லை. உயிரோடு லொறி ஓட்டித் திரிகிற பிள்ளைக்காக. பனிக்காலத்தில் ஜெர்மனிப் பக்கம் ஓடும் மகனுக்கு அவரால் செய்யக்கூடிய ஒரேயொரு காவல் அது. அந்த மரம் போனால் மகன் போவான். அவருக்கு அதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

இரட்டைப் பிள்ளைகளுக்குப் பிடித்தது எது என்று கேட்டேன். சொன்ன அடையாளத்தைப் பார்த்தால் எங்கள் கௌபிப் பயறு. வெள்ளிக்கிழமைகளில் நான் வீட்டில் அவிக்கிறதுதான். ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இயா வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, “உப்புக் காணாது” என்றார். அன்று முழுக்க எனக்குச் சந்தோசம். குறை சொல்கிற நோயாளி பிழைத்த நோயாளி.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதவே வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை இருந்ததே.

ஞாயிறு தோறும் கெஹிண்டே சேர்ச்சுக்குப் போய்விட்டுத் தாயைப் பார்க்க வருவார். கிர்ஸ்டன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள். பொருள் இயாவுடையது, எறிய எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் நெருங்கிய சொந்தம் மகன், அவரோடு ஒவ்வொரு கிழமையும் சண்டை பிடிக்கவும் ஏலாது. “அவர் வாற நேரம் மட்டும் அலமாரிக்குள்ளை வைச்சால் என்ன? ஒருத்தருக்கும் மனம் நோகாது.”

எனக்கும் அது புத்தியான யோசனையாகப் பட்டது. எங்கள் வீடுகளில் நாங்கள் செய்யாததா? பெரியவர் வருகிறார் என்றால் போத்தலை ஒளிக்கிறோம், பிள்ளைக்கு டேனிஷ் சிநேகிதன் இருக்கிறான் என்றால் போட்டோவை ஒளிக்கிறோம். ஒளித்து வைத்தே ஒரு சமூகமாக நிம்மதியாக இருக்கிறவர்கள் நாங்கள். சுகந்தி மட்டும்தான் மறித்தாள்.

“இயாட்டைக் கேட்டனீங்களே அக்கா?”

“கேட்டால் விளங்குமே அவவுக்கு?”

“கௌபிக்கு உப்புக் காணாதெண்டு விளங்கினது தானே.”

அவள் வாய் நீளம் என்று சொல்லி அந்தக் கதையை முடித்துவிட்டேன். ஞாயிறுகளில் இயா அசந்திருக்கிற நேரம் பார்த்து உருவத்தைக் கம்பளி உடுப்புகளுக்கு இடையில் வைத்துக் கதவைச் சாத்துவேன். மகன் வந்து போகும் வரைக்கும் இயாவின் கண் அலமாரியிலேயே இருக்கும். மகன் கையைப் பிடித்திருப்பார், தாய் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஆள் வெளியே வரும்போது முகம் கறுத்திருக்கும். தாய் தன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று அவருக்கு. ஏன் பார்க்கவில்லை என்று சொல்லவும் எங்களுக்கு வழியில்லை, நாங்கள்தானே ஒளித்தது.

அப்படி ஒரு ஞாயிறு. நான் கோப்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த அறையைக் கடக்கும்போது இயாவின் குரல் கேட்டது. மகனிடம் கெஞ்சுகிறார். அலமாரியைக் கையால் காட்டுகிறார். சொல் விளங்காவிட்டாலும் எனக்கு விளங்கியது. பிறகு கெஹிண்டேயே எனக்குச் சொன்னார், திற, அவனுக்கு மூச்சு முட்டும் என்றாராம்.

கெஹிண்டே திறந்தார். உடுப்புகளை விலக்கினார். நாங்கள் அதை எறிந்திருப்போம் என்று நம்பியிருந்தவர்; நாங்களும் தாயுமாகச் சேர்ந்து தன்னை ஏமாற்றிவிட்டோம் என்று அவர் நினைத்ததில் பிழை ஒன்றும் இல்லை. நேரே மடியில் இருந்ததைப் பார்த்திருந்தால் கோபித்திருப்பார், கத்தியிருப்பார். ஒளித்த இடத்திலிருந்து எடுத்தபடியால் அது களவுச் சாமான் ஆகிவிட்டது. ஜக்கெற்றுக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தார்.

நான் வண்டியோடு வழியில் நின்றேன். மறிக்க என்னால் முடியும். அது இயாவின் பொருள், வையுங்கோ என்று சொல்ல எனக்குச் சட்டமும் இருந்தது, வயதும் இருந்தது.

“இது எங்கடை குடும்ப விசயம்” என்றார்.

எங்கள் ஆட்களின் வாயை அடைக்க அந்தச் சொல் ஒன்று போதும். நான் வண்டியை ஓரமாக இழுத்து வழி விட்டேன்.

இயா கத்துவார் என்று எதிர்பார்த்தோம். கத்தவில்லை. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். மடித்து நிலத்தில் போட்டார். நரைத்த தலையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கஞ்சியைக் கொண்டுபோனேன், வாயைத் திறக்கவில்லை. கௌபியைக் கொண்டுபோனேன், கிண்ணத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையாட்டினார்.

“ஆருக்கு?” என்றார். “ரெண்டு பேரும் போயிட்டாங்கள்.”

கெஹிண்டே உயிரோடு இருக்கிறார், ஞாயிறு வருவார் என்று சொன்னேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். துக்க வீட்டில் ஆறுதலுக்காகப் பொய் சொல்கிறவர்களை நாங்கள் எப்படிப் பார்ப்போமோ, அப்படி.

தண்ணீரும் குறைந்தது. டொக்டர் வந்து பார்த்துவிட்டு, இனி ஊசியும் குழாயும் போட்டுக் கஷ்டப்படுத்துவதில் பலனில்லை, மகனுக்குச் சொல்லுங்கள் என்றார். கிர்ஸ்டன் போன் எடுத்தாள். கெஹிண்டே வேலை உடுப்போடு, கையில் எண்ணெய்க் கறையோடு ஓடி வந்தார்.

“அம்மா” என்று கட்டிலருகில் குனிந்தார்.

இயா அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, வந்த விருந்தாளியோடு பேசுகிற மரியாதையோடு ஆங்கிலத்தில் கேட்டார். “நீர் என்ரை மகனோடை லொறி ஓடினீரோ தம்பி?”

“அம்மா, நான்தான். கெஹிண்டே.”

“அவனும் நல்ல உயரம்” என்றார் இயா. “நீர் வந்தது பெரிய உபகாரம். உம்மடை அம்மா உயிரோடை இருக்கிறாவோ? அவவைப் போய்ப் பாரும்.”

கெஹிண்டே வெளியே வந்து தீயணைப்புக் குழாய் தொங்குகிற சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவருடைய தாய்க்கு அவரைச் சாகடித்தது அவர் மட்டும் இல்லை, அலமாரிக் கதவைச் சாத்திய கையும்தான். நான் சுலபத்தில் அழுகிற ஆள் இல்லை. அன்று அழுதேன்.

“எறிஞ்சுபோட்டீங்களோ?” என்று கேட்டேன்.

“எறியத்தான் போனனான்” என்றார். கழிவுகளைப் பிரித்துப் போடுகிற இடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே மரத்துக்கு மட்டும் எத்தனை பெட்டி என்று உங்களுக்குத் தெரியும். செம்மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் வந்து, இது சுத்தமான மரமா, சாயம் பூசின மரமா, எண்ணெய் ஏற்றின மரமா, எதென்று சொன்னால் எந்தப் பெட்டி என்று காட்டலாம் என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறான். “என்ன மரம் எண்டு நான் சொல்லுறது? சின்னனிலை எனக்கு ஒரு சட்டை எடுத்தால் அவனுக்கும் ஒண்டு எடுப்பா. என்னைத் தூக்க முதல் அவனைத் தூக்குவா. எனக்கு அவனிலை அவ்வளவு கோவம். அண்டைக்கு அந்தப் பெட்டிக்கு முன்னாலை அவனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கை, குளிருமே எண்டு ஜக்கெற்றாலை மூடினன். பிறகுதான் யோசிச்சன், நான் என்ன செய்யிறன் எண்டு.”

உருவம் அவருடைய காரில்தான் இருந்தது. போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

இயா அதை வாங்கிய விதத்தை எனக்கு எழுத வராது. கை இரண்டும் அந்தப் பழைய வளைவுக்குப் போயின. ஈரத் துணி கேட்டார், கொடுத்தேன். முகத்தைத் துடைத்தார், மூக்கும் வாயும் தேய்ந்துபோன அந்த இடத்தை மெதுவாக, காதுக்குப் பின்னால் மெதுவாக. எண்ணெய் கேட்டார். எல்லாம் சரி, இனிச் சாப்பிடுவார் என்று நான் நினைத்தேன். கெஹிண்டே கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

துடைத்து முடித்ததும் இயா நிமிர்ந்து என்னைக் கேட்டார். “மற்றது எங்கை?”

எனக்கு விளங்கவில்லை.

“தாய்வோ இந்தா இருக்கிறான். கெஹிண்டேயும் செத்துப்போனானே. அவனுக்கும் ஒண்டு செய்யச் சொல்லேல்லையோ? ரெண்டு பேரும் போனால் ரெண்டு உருவம். அவனை ஆர் குளிப்பாட்டிறது? ஆர் அவனுக்குச் சாப்பாடு குடுக்கிறது?”

கிர்ஸ்டன் எனக்குப் பின்னால் வந்து நின்றதை அவளுடைய மூச்சில் உணர்ந்தேன். மறதி நோய் வந்தவர்களிடம் பொய் சொல்லக் கூடாது என்று எங்களுக்குப் படிப்பித்தவளே அவள்தான். உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று. மகனே வந்து சொல்லிப் பார்த்தாயிற்று. அந்த உண்மையை வாங்கி வைக்க இயாவிடம் இனி இடம் இல்லை. நான் கையைப் பார்த்தேன். ஒரு கை தாய்வோவைப் பிடித்திருந்தது. மற்றக் கை விரிந்து, வெறுமையாக, கட்டில் விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தது.

“செய்தாச்சு இயா” என்றேன். “இப்பத்தான் கொண்டுவந்து தந்தவை.”

திரும்பிக் கெஹிண்டேயைப் பார்த்தேன். மரக்கட்டைக்கு முன்னால் முழங்காலில் நிற்கமாட்டேன் என்று சொன்ன மனிசன். என்ன கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்து தாயின் காலடியில் முழங்காலில் இருந்தார். கைகள் இரண்டையும் பக்கவாட்டில் நேராக விட்டுக்கொண்டார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சின்ன வயதிலிருந்து பார்த்த உருவம்தானே.

இயா விரலால் அவர் முகத்தைத் தடவிப் பார்த்தார். புருவம், மூக்கு, தாடை.

“நல்லாச் செதுக்கியிருக்கிறான். அவன்ரை முகம்தான்” என்றார். பிறகு தோளைத் தட்டிப் பார்த்து முகம் சுளித்தார். “ஆனால் பெரிசாச் செய்துபோட்டான்.”

பின்னால் கிர்ஸ்டன் ஒரு சத்தம் போட்டாள், சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. கெஹிண்டே அசையவில்லை. இயா ஈரத் துணியால் அவர் நெற்றியைத் துடைத்தார். கன்னத்தில் இருந்த எண்ணெய்க் கறையை அழுத்தித் துடைத்தார். கண்ணுக்குக் கீழே துடைத்தார், அங்கே திரும்பத் திரும்ப நனைந்துகொண்டிருந்தது. “புது மரம், தண்ணி விடுது” என்று தனக்குள் சொன்னார். எண்ணெய் பூசினார். கௌபிக் கிண்ணத்தைக் கேட்டார். தாய்வோவின் வாயில் தொட்டுவிட்டு, அந்தக் கரண்டியைக் கெஹிண்டேயின் வாயருகில் கொண்டுவந்தார்.

கெஹிண்டே வாயைத் திறந்தார்.

மூன்றாவது கரண்டியை இயா தானே சாப்பிட்டார்.

கடைசியில் மறதி விலகி மகனை அடையாளம் கண்டார் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு ஆசைதான். காணவில்லை. அதற்கடுத்த கிழமை, பிள்ளைகள் இரண்டும் போய்விட்டன, ஆனால் பசியில்லாமல் இருக்கின்றன என்ற நினைப்போடுதான் அவர் கண்ணை மூடினார். கெஹிண்டே ஒவ்வொரு நாளும் வந்து முழங்காலில் இருந்தார். சேர்ச்சில் என்ன சொன்னார், யாரிடம் மன்னிப்புக் கேட்டார் என்று நான் கேட்கவில்லை. நான் சொன்ன பொய் சரியா என்று கிர்ஸ்டனும் என்னைக் கேட்கவில்லை. உங்களில் யாராவது கேட்டால், பொய் சொல்லலாம் என்று நான் பழக்கவில்லை என்றுதான் சொல்வேன். அலமாரிக் கதவைச் சாத்த முதல் ஒரு தரம் இயாவிடம் கேட்டிருந்தால், அந்தப் பொய்க்கே தேவை வந்திருக்காது. சுகந்தி அதைத்தான் சொன்னாள், நான் அவள் வாயை அடக்கினேன்.

கெஹிண்டே முழங்காலில் இருந்த அந்த முதல் நாளன்று, சாப்பிட்டு முடிந்ததும் இயாவுக்குக் களைத்துவிட்டது. கண் செருகியது. தாய்வோவை என்னிடம் நீட்டினார்.

“படுக்க வை. நித்திரை நேரம் நிக்க விடக் கூடாது. ரெண்டு பேரையும் பக்கத்திலை பக்கத்திலை.”

விழுந்தால் அடிபடாமல் இருக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் ஒரு மெத்தை போட்டிருந்தோம். கெஹிண்டே சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதில் நீட்டிப் படுத்தார், கால் வெளியே நீண்டது. தாய்வோவை அவர் தோளருகில் வைத்தேன். ஒரு போர்வைதான் இருந்தது, இரண்டு பேருக்குமாகப் போர்த்திவிட்டேன். இயாவின் கை கட்டிலால் தொங்கி அந்தப் போர்வையில் தட்டிக்கொண்டிருந்தது, தட்டல் குறைந்து குறைந்து நின்றது.

பின்னேர வேலைக்குச் சுகந்தி வந்தாள். வெளியே மழை, ஜக்கெற்றை உதறிக்கொண்டே, “இயா எப்பிடி அக்கா?” என்று கேட்டாள்.

“சாப்பிட்டவ” என்றேன். “இப்ப அறைக்குள்ளை போகாதை. பிள்ளையள் ரெண்டு பேரும் நித்திரை.”